முதல்ல மைக், அப்புறம்தான் லைட்டு

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு, சமையல்னு யூடியூப் சேனல் தொடங்குற தம்பிங்க எல்லாரும் கேட்கிறது, "அண்ணா, எந்த கேமரா வாங்கலாம்?"

கேமராவை விடுங்கப்பா, கையில இருக்கிற போன் போதும். படம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் சனம் பார்க்கும். பேச்சு சரியா கேட்கலைன்னா தள்ளிட்டுப் போயிடும்.

அதனால காசை மைக்ல போடுங்க. சட்டையில குத்துற போயா எம்1 மாதிரி ஒயர் மைக் ஆயிரம் ரூபாய்க்கு முன்னபின்ன கிடைக்கும். ஒயரே 6 மீட்டர். அதுல ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், போனா கேமராவான்னு பார்த்துத் தள்ளணும். போன்ல ஹெட்போன் குத்துற 3.5 எம்எம் ஓட்டை இல்லைன்னா டைப்-சி கன்வெர்ட்டர் தனியா வாங்கணும். வாய்க்கு ஒரு சாண் கீழ குத்துங்க. தோப்புல காத்து அடிக்கும், ஸ்பாஞ்சைக் கழட்டிடாதீங்க.

லைட்டுக்குப் பகல்ல ஜன்னலைப் பார்த்து உக்காந்தா போதும். ராத்திரின்னா சாதா எல்இடி பல்பு, வெளிச்சம் கண்ணைக் கூசாம பரவ, முன்னாடி கொஞ்சம் தள்ளி ஒரு பட்டர் பேப்பர். வீடியோவுல பட்டை பட்டையா ஓடுச்சுன்னா கேமரா செட்டிங்ல ஷட்டர் வேகத்தை 1/50 செகண்ட்லயோ 1/100 செகண்ட்லயோ வைங்க, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல்பு மினுக்குறதும் அதுக்குத் தக்கபடிதான். ரிங் லைட்டு? கண்ணாடி போட்டவங்க மூஞ்சியில வளையம் வளையமா தெரியும். எனக்கு ஆகாது.

பட்டர் பேப்பர் ஸ்டேஷனரி கடையிலயே கிடைக்கும்.