பார்க் டிஸ்ட்ரிக்ட் டெண்டர்ல 4,100 டாலர் செக்கால கைவிட்டுப்போன வேலை

கலிஃபோர்னியால சி-13 லைசென்ஸ் வச்சு வேலி போடுற வேலை பண்றேன், இத்தனை நாளா வீடுகளுக்கு மட்டும்தான். போன வருஷம் பக்கத்து ரெக்ரியேஷன் அண்ட் பார்க் டிஸ்ட்ரிக்ட்ல (பார்க்குகள நடத்துற உள்ளூர் அரசு அமைப்பு) டென்னிஸ் கோர்ட் வேலி மாத்த டெண்டர் விட்டாங்க. அரசு வேலைக்கு வேண்டிய டிஐஆர் (மாநில தொழிலாளர் துறை) ரிஜிஸ்ட்ரேஷன் சீக்கிரமே முடிஞ்சுது, 41,000 டாலர்னு கோட் பண்ணேன்.

பிட்டோட (நாம கோட் பண்ற விலை) சேர்த்து பிட் செக்யூரிட்டி, அதாவது ஜெயிச்சிட்டு பின்வாங்க மாட்டோம்னு ஒரு பிணைத்தொகை, 10 சதவீதம் வைக்கணும். ஆபீசுக்கு போன் போட்டு கேட்டா, செக் வச்சா போதும்னு சொன்னாங்க, நானும் என் கம்பெனி செக்கையே 4,100க்கு எழுதி கவர்ல வச்சுட்டேன். திறந்து படிச்சப்போ என்னோடதுதான் கம்மி, அடுத்தவர் 44,300. பார்க்கிங்ல நின்னு வீட்டுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன் வேற.

அடுத்த வாரம் லெட்டர் வருது, என் பிட் செல்லாதாம். கேஷ், கேஷியர்ஸ் செக் (பேங்கே தன் பேர்ல எழுதித் தர்றது), சர்டிஃபைடு செக் (பணம் இருக்குன்னு பேங்க் உறுதி பண்ணது), பிட் பாண்ட் (பிணைக் கம்பெனி தர்ற உத்தரவாதம்) இதுல ஒண்ணுதான் வைக்கணும்னு டாக்குமெண்ட் உள்ள எங்கேயோ ஒரு வரி இருந்துச்சு. நீங்கதானே போன்ல சொன்னீங்கன்னு கேட்டா, எழுத்துல இருக்கறதுதான் கணக்குன்னுட்டாங்க. போர்டு மீட்டிங்ல போய் பேசியும் பாத்தேன், ஒண்ணும் மாறல. இன்னும் வயிறு எரியுது.

அதனால சொல்றேன், சந்தேகம் எதுவா இருந்தாலும் ஈமெயில்ல கேளுங்க, பதில அடெண்டமா (டெண்டர் டாக்குமெண்டோட சேர்க்கிற இணைப்பு) எல்லாருக்கும் அனுப்புவாங்க, ஆனா அந்த அடெண்டம் கிடைச்சுதுன்னு பிட்ல கையெழுத்து போட மறந்துட்டா அதுக்கும் தள்ளிடுவாங்க.

தோத்தாலும் சும்மா இருக்காதீங்க. திறந்த பிட் எல்லாம் பப்ளிக் ரெக்கார்டு, காப்பி கேட்டா தரணும். நான் கேட்டு வாங்கி ஜெயிச்சவரோட பேப்பர பாத்தப்போதான் தெரிஞ்சுது, பிட் தொகைல அரை சதவீதத்துக்கு மேல போற சப்-கான்ட்ராக்டர் பேரெல்லாம் முன்னாடியே லிஸ்ட்ல எழுதணும், எனக்கு அது வெறும் 205 டாலர். கான்கிரீட் துளை போட வேற ஆள் வச்சுக்கலாம்னு நினைச்சிருந்தேன், பேர் எழுதல, எழுதலன்னா அந்த வேலைய நாமளே செய்யணும்.

ரெண்டாவது தடவை வேற ஒரு பார்க்குக்கு, பிட் பாண்டோட, மதியம் 2 மணி கெடுவுக்கு 1 மணிக்கே போய் கொடுத்துட்டேன். 2:03க்கு ஒருத்தர் ஓடி வந்தார், கவர பிரிக்காமலே திருப்பி குடுத்துட்டாங்க, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

அந்த வேலை கிடைச்சுது. ஆளுங்களுக்கு ப்ரிவெய்லிங் வேஜ்தான் (அரசு வேலைக்குன்னு மாநிலம் நிர்ணயிக்கிற கூலி) குடுக்கணும், பேரோல் டிஐஆர்ல ஏத்தணும், அத கோட்லயே சேர்த்துக்கோங்க. வேலை முடியற வரைக்கும் பில்லுல பிடிச்சு வச்சிருந்த 5 சதவீதமும் போன மாசம் கைக்கு வந்துடுச்சு.