கோத்தகிரிச் சரிவில் பழைய கல்வீடு: வேலைக் குறிப்பு

ஜனவரி 6
கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அது ஓய்ந்தாயிற்று, கோடை மழைக்குள் மண்வேலை முடிய வேண்டும். சுவர்கள் சேற்றுக் கலவையில் வைத்த 18 அங்குலக் கருங்கல், கூரை தகரம். பிள்ளைகளுக்கு 12க்கு 14 அடியில் ஓர் அறையும் குளியலறையும் வேண்டும். மேட்டுப்பக்கம் இடமிருக்கிறது. ஆனால் அங்கே வெட்டினால், வெட்டின மண்ணை நிறுத்தவே அறைக்கான பணம் போய்விடும். எனவே பள்ளத்துப் பக்கம்.

ஜனவரி 11
அறைக்கு முன் தண்ணீர். மேட்டுப்பக்கச் சுவரில் 3 அடிக்கு ஓதம். எப்போதோ பூசிய சிமெண்டுதான் காரணம்: ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறுகிறது. அதைக் கொத்தி எடுத்தாயிற்று. வெளியே சுவரிலிருந்து 3 அடி தள்ளி வாய்க்கால். ஆழம் கடைக்காலின் அடியைத் தாண்டக் கூடாது. துளையிட்ட 4 அங்குலக் குழாய், துளைகள் கீழ்நோக்கி, 100 அடிக்கு 1 அடி வாட்டம், சுற்றிலும் முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் வடிகட்டித் துணி. துணி இல்லாவிட்டால் சேறு இறங்கிச் சில மழையிலேயே அடைத்துக்கொள்ளும். ஒரே மூச்சில் முழு நீளமும் தோண்டாமல் பத்துப் பத்து அடி நீளமாகத் தோண்டி மூடுகிறோம்.

ஜனவரி 30
பள்ளத்தில் தடுப்புச் சுவர்: உயரம் 6 அடி, கீழே அகலம் 4 அடி, மேலே ஒன்றரை அடி, கருங்கல், 1:6 சிமெண்ட் கலவை. 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் கசிவுக் குழாய், வெளிப்பக்கம் தாழ்ந்து. பின்னால் ஓரடி ஜல்லி. இரண்டு குழாய்க்குப் பின்னால் ஜல்லிக்குப் பதில் களிமண்ணைத் தள்ளிவிட்டிருந்தார்கள். பிரித்து மறுபடி போட்டது ஒரு நாள் கூலி. சுவரைத் தள்ளுவது மண்ணைவிட அதில் தேங்கும் தண்ணீர்தான்.

அறையின் தூண்கள் நிரப்பு மண்ணில் நிற்கக் கூடாது. அடித்தளம் தடுப்புச் சுவரின் அடிமட்டம் வரை இறங்கி, வெட்டுப்படாத கெட்டி மண்ணில் உட்காருகிறது.

பிப்ரவரி 21
பழைய சுவரோடு புதியதைப் பல் வைத்துக் கட்டவில்லை. நடுவே ஓரங்குல இடைவெளி, தெர்மாகோல் வைத்து. புதிய பகுதி கொஞ்சம் இறங்கியே தீரும். கோர்த்துக் கட்டியிருந்தால் பழைய கல்தான் பிளக்கும். இடைவெளியை மூட மேலே தகர மடிப்பு, பழைய பக்கம் மட்டும் ஆணி.

மார்ச் 5
பழைய சுவரில் புதிய அறைக்கு வாசல் திறப்பு, 3 அடி. சுவரின் நடுவே வெறும் சல்லியும் மண்ணும், தட்டினால் கொட்டும். முதலில் இரு கர்டரை (இரும்பு உத்திரம்) சுவருக்குக் குறுக்கே நுழைத்து ஜாக்கியில் தாங்கிவிட்டு, சுவரின் வெளிப்பாதிக்கு லிண்டல் (வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கும் உத்திரம்). அது இறுகிப் 10 நாள் கழித்தே உள்பாதி. லிண்டல் இருபுறமும் சுவர்மேல் 9 அங்குலம் உட்கார வேண்டும்.

ஏப்ரல் 14
கோடை மழை, ஒரு மணி நேரம். வாய்க்கால் குழாயில் முதலில் கலங்கல், பிறகு தெளிந்த நீர். குழாய் வாய் சரிவிலேயே கொட்டி மண்ணை அரிக்கிறது. கல் பாவிய ஓடை வரை இன்னும் 15 அடி நீட்ட வேண்டும். உள்சுவர் இன்னும் காயவில்லை. சுண்ணாம்புப் பூச்சு மே மாதத்துக்கு.