கொக்கி: பாத் நகர நாட்குறிப்பு

1817 அக்டோபர் 28
லண்டன் வக்கீலின் கடிதம். தபால் கூலி கொடுத்து வாங்கிப் பிரித்தால், சான்சரி கோர்ட்டில் எங்கள் வைர அட்டிகைக் கேஸுக்கு மறுபடியும் வாய்தா. எல்டன் பிரபுவின் கோர்ட்டில் கேஸ் முடிவதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடலாம் என்கிறார் சித்தி. அதற்கு முதலில் கல்யாணம் ஆக வேண்டாமா?

அக்டோபர் 30
மழை. அவர் வரவில்லை.

நவம்பர் 1
வந்தார். அட்டிகையின் கொக்கி தளர்ந்துவிட்டதென்று நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். “மில்சம் தெருவில் தெரிந்த நகைக்காரர் இருக்கிறார். கொடுங்கள், சரிசெய்து வாங்கி வருகிறேன்.” அம்மா பதிலே சொல்லவில்லை. அவர் படியிறங்கியதும், “அண்ணன் கேஸ் போடுவான், தம்பி கொக்கி பார்ப்பானாமா?” என்றாள்.

நெப்போலியன் தோற்றதிலிருந்து கடற்படையில் அவருக்குக் கப்பல் இல்லை, அரைச் சம்பளம்தான். அதற்காக அவரைத் திருடனாக்குவதா? சரி, ஆனால் கொக்கியைப் பற்றி ஏன் கேட்டார்?

நவம்பர் 4
மகாராணி ஊற்றுநீர் குடிக்க வந்திருக்கிறார். பம்ப் ரூம் பக்கம் கால் வைக்க முடியவில்லை. ஆற்காட்டு நவாப் அவருக்குக் கொடுத்த வைரங்களில் ஆரம்பித்த பேச்சு, நேராக எங்கள் கற்களுக்கு வந்து நின்றது. தாத்தா மதராஸில் கம்பெனி உத்தியோகத்தில் சம்பாதித்தது, அப்பா அம்மாவுக்கென்றே கொடுத்தது என்று நானும் ஒப்பித்தேன். எஸ்டேட்டோடு சேர்ந்த பரம்பரை நகை, வாரிசுக்குத்தான் போகும் என்று ஒரு கிழவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். கேஸ் போட்ட அண்ணனுக்குச் சிநேகிதராம் அந்தக் கிழவர்.

நவம்பர் 7
இளவரசி சார்லட் போய்விட்டார். 21 வயது. பிள்ளையும் இறந்தே பிறந்ததாம். ஹாலந்தின் ஆரஞ்சு இளவரசரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பிடித்தவரைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம்தான் வாழ்ந்தார். காலையிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நவம்பர் 10
கறுப்புத் துணிக்குக் கடை கடையாக அலைந்தோம். துக்கத்தில் வைரம் போடக்கூடாது. போடாத நகைக்குத்தான் வக்கீல் பில்.

நவம்பர் 13
அம்மா தூங்கியதும் பெட்டியைத் திறந்தேன். வைரத்தில் ஊதினால் ஆவி உடனே மறையும், கண்ணாடியில் நிற்கும். நடுக்கல்லில் ஊதினேன், மறைந்தது. அடுத்ததிலும் மறைந்தது. மூன்றாவதில் நின்றது. நான்காவதிலும் நின்றது. பின்பக்கம் வெள்ளி மூடியிருப்பதால் ஒன்றும் தெரியவில்லை, கொக்கியருகே மட்டும் தகட்டுக்குள் தண்ணீர் இறங்கிக் கறுத்திருக்கிறது.

அப்பா லண்டனுக்குத் தனியாகப் போய்வந்தது எந்த வருஷம்? அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

நவம்பர் 14
நகைக்காரன் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான். கொக்கியைக் கேட்டவருக்கு இது முன்பே தெரியுமோ? தெரிந்தும் வருகிறார் என்றால்? தெரியாமல் வருகிறார் என்றால்?

நவம்பர் 15
மேலே எழுதியது பைத்தியக்காரத்தனம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நவம்பர் 19
இன்று வின்ட்சரில் அடக்கம். கடைகள் மூடிக் கிடக்கின்றன. அவரிடமிருந்து சீட்டு: நாளை பதினொரு மணிக்கு வருகிறார், அம்மாவிடம் பேச வேண்டுமாம். அவர் உட்காரும் முன்பே பாதிக்கல் கண்ணாடி என்று சொல்லிவிடப் போகிறேன். அப்புறமும் அதே பேச்சைப் பேசுகிறாரா, பார்க்கலாம்.

நவம்பர் 20
பத்தரைக்கே வண்டி வந்துவிட்டது. சன்னலிலிருந்து பார்த்தேன். அவர் இறங்கினார். பின்னாலேயே அவர் அண்ணனும். அம்மா பெட்டியின் சாவியைக் கேட்கிறாள்,