வாட்டர்லூவில் தப்பியவரும் கண்டி நுளம்பும்

கண்டிக்குப் போவோம் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு திட்டம். அம்மாவுக்குக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில், மனைவிக்குத் துணிக்கடை, மகனுக்கு வாவியில் படகு. என் திட்டத்தை மட்டும் ஹட்டனில் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் வேன் கினிகத்தேனையைத் தாண்டியிருக்காது.

தலதா மாளிகைக்குப் பின்பக்கம், தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டி ஒரு ஏற்றம். "பூந்தோட்டம் மாதிரி இருக்கும்" என்று கூட்டிப்போனேன். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏப்பா, இது சுடுகாடு இல்ல?"

"வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆளுங்கம்மா. எரிக்கல, புதைச்சதுதான்."

"அப்ப இடுகாடு."

தமிழில் இவ்வளவு நுணுக்கமாக என்னைத் திருத்த வேறு ஆள் கிடையாது.

கல்லறைகளைப் பார்த்துக்கொள்பவர் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார் என்று ரசித்துச் சொன்னார். மகனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். ஒவ்வொரு கல்லின் முன்னும், "இவர் எப்படி அவுட்?" என்று கேட்டான். ரொபர்ட்சன் என்பவர் காட்டு யானையால் அவுட். மெக்ளாஷன் என்ற கப்டன் வாட்டர்லூவில் நெப்போலியன் படையோடு மோதியும் உயிரோடு வந்தவர். 1817இல் திருகோணமலையிலிருந்து மழையில் நனைந்தபடி கண்டிக்கு நடந்து வந்து, மலேரியா என்ற காட்டுக் காய்ச்சலில் போய்விட்டார்.

"அப்போ நுளம்பு நெப்போலியனைவிடப் பெரிய ஆளாப்பா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்து ஜோன் டொயிலி என்ற வெள்ளைக்கார அதிகாரியின் தூண். 1815இல் கண்டி ராச்சியம் வெள்ளையர் கைக்குப் போனதில் பெரும்பங்கு இவருக்குத்தான். கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை வேலூருக்கு நாடு கடத்தினார்கள் என்று விளக்கினேன். அம்மா தூணை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம ராஜாவை ஊரைவிட்டு விரட்டினவனுக்கு இம்மாம் பெரிய தூணா? எப்படிச் செத்தான்?"

"1824இல, காய்ச்சல்."

"மறுபடியும் நுளம்பு!" என்று மகன் கை தட்டினான். பிள்ளையின் ஸ்கோர் புத்தகத்தில் நுளம்புதான் ஆட்டநாயகன்.

அத்தோடு திரும்பியிருக்கலாம். நான்தான் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைக்கும் வண்டியை விடச் சொன்னேன். நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் 1944இல் தன் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்த கதையை ஆரம்பித்தேன். யாரும் காது கொடுக்கவில்லை. வெட்டி விட்ட புல், வரிசை தப்பாத கற்கள். பிரிட்டனிலிருந்து வந்தவர்கள், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், நம் இலங்கையர் என்று எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில். "பேரெல்லாம் வேணாம், வயசை மட்டும் படி" என்றார் அம்மா. நாலைந்து படித்ததும் போதும் என்றார். ஒரு கல்லின் மேல் கிடந்த சருகை எடுத்துப் போட்டார். மகன்கூட அங்கே அவுட் கேட்கவில்லை.

வேனில் ஏறியதும் தீர்ப்பு வந்தது. மயானத்துக்குப் போன காலோடு பிள்ளையாரிடம் போகக்கூடாது. கோயில் ரத்து. அந்தத் தீட்டோடு புதுத்துணியும் தொடக்கூடாதாம், துணிக்கடையும் ரத்து. கம்பளை தாண்டி நாவலப்பிட்டி வரை மனைவி ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஹட்டன் வந்து சேரும்போது இரவு எட்டரை, பனி இறங்கியிருந்தது. குளிக்காமல் வாசல்படி மிதிக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட, பின்பக்கக் குழாயில் ஒவ்வொருவராகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். பிள்ளைக்கு மட்டும் சுடுதண்ணீர். என்னை மனைவி கடைசியில்தான் விட்டாள், அதுவும் இரண்டு வாளி.

காலையில் எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மகன் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா இன்னும் அவுட் இல்ல" என்று குசினிப் பக்கம் சத்தம் கொடுத்தான்.