கெட்டவனுக்கு எந்த முகம்

"அக்கா, சைக்ஸ் இன்னும் கொஞ்சம் கறுப்பா வேணுமாம். மீசையும் சேர்க்கணுமாம்" என்று டி.டி.பி. தம்பி புரூஃபைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'ரவுடி மாதிரி இல்லை. நிறம் கூட்டவும். கன்னத்தில் தழும்பு.'

குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குப் படம் போடும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். இந்தச் சிவப்பு மைக் குறிப்பை வெவ்வேறு வார்த்தைகளில் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். அரக்கன் என்றால் நிறம் கூட்டு, திருடன் என்றால் நிறம் கூட்டு, கஞ்சன் என்றால் மூக்கை நீட்டு. ஆரம்ப வருடங்களில் கேட்டபடியே போட்டுக் கொடுத்துவிடுவேன். சம்பளம் வேண்டும், அச்சுக்குப் போகும் தேதி நெருங்கும், யோசிக்க நேரம் இருக்காது. இந்த முறைதான் பேனாவை மூடி வைத்தேன். காரணம், கையில் இருந்த கதை சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஆலிவர் ட்விஸ்ட்'. நம்மில் பலர் பள்ளியில் நான்-டீடெயிலாகப் படித்த கதை. அதைத் தமிழில் சுருக்கி, பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களோடு போடுவதாக ஏற்பாடு. கதையில் வருகிறவர்கள் எல்லோரும் லண்டன்காரர்கள். அத்தனை பேரும் வெளுப்பாக இருக்க, கொலைகாரன் சைக்ஸ் மட்டும் கறுப்பாக இருக்க வேண்டும் என்று அந்தக் குறிப்பு சொன்னது.

டிக்கன்ஸ் சைக்ஸை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்க மூலத்தை எடுத்தேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க கட்டுமஸ்தான ஆள். கறுப்பு வெல்வெட்டீன் கோட்டு, அழுக்கேறிய கால்சட்டை, சாம்பல் நிறக் காலுறை, மூன்று நாள் சவரம் செய்யாத தாடை. பின்னாலேயே ஒரு வெள்ளைச் சடை நாய், அதன் முகத்தில் இருபது இடங்களில் கீறல். தழும்பு இருக்கிறதுதான், ஆனால் அது நாயின் முகத்தில் இருக்கிறது. அந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் அந்த நாயின் முகத்தில் எழுதிவிட்டார் டிக்கன்ஸ்.

அதன் பிறகுதான் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் போட்ட மூலப் படங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். கல்லூரிக் காலத்திலிருந்து தெரிந்த படங்கள்தான், ஆனால் அதே தொழிலைச் செய்கிறவளாக அவற்றைப் பார்த்தது அப்போதுதான். இந்தக் கதை 1837 பிப்ரவரி முதல் 1839 ஏப்ரல் வரை 'பென்ட்லீஸ் மிசலனி' என்ற மாத இதழில் தொடராக வந்தது. தொடங்கியபோது டிக்கன்ஸுக்கு 25 வயது, குரூக்‌ஷாங்குக்கு 44. அரசியல் கேலிச்சித்திரங்களால் அவர் அதற்கு முன்பே பெயர் பெற்றிருந்தார். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு படமாக மொத்தம் 24 எட்சிங் படங்கள்.

எட்சிங் என்றால் என்ன என்று என் கைக்குத் தெரியும். கல்லூரியில் பிரிண்ட் மேக்கிங் வகுப்பில் துத்தநாகத் தகட்டில் செய்திருக்கிறேன். தகட்டின் மேல் மெழுகுக் கலவையைப் பூசி, அதன்மீது ஊசியால் கீற வேண்டும். கீறிய இடத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும். தகட்டை அமிலத்தில் இறக்கினால் கீறிய கோடுகளை மட்டும் அமிலம் தின்னும். லேசாக வேண்டிய கோடுகளை முதலில் வெளியே எடுத்து வார்னிஷால் மூடிவிட்டு, கறுப்பாக வேண்டியவற்றை மறுபடி அமிலத்தில் விட வேண்டும். படம் முழுக்க இடவலம் மாறி வரும். பென்சில் கோடு போல அழித்துவிட முடியாது. ஒரு மூக்கைத் திருத்த வேண்டும் என்றால் உலோகத்தையே சுரண்டி, தேய்த்து, மெருகேற்றி, திரும்பக் கீற வேண்டும். குரூக்‌ஷாங்க் செய்ததோ எஃகுத் தகட்டில், துத்தநாகத்தைவிடப் பல மடங்கு கடினமானது. மாதம் தவறாமல் அதைச் செய்தவருடைய கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை பொங்குகிறது.

அந்த மரியாதையோடுதான் அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபேகின் முதல்முதலாக வரும் படம். குழந்தைகளுக்குத் திருடக் கற்றுக்கொடுக்கும் கிழவன். அடுப்பருகே நிற்கிறான், கையில் முட்கரண்டி, வாணலியில் தொத்திறைச்சி, பின்னால் தொங்கும் திருட்டுக் கைக்குட்டைகள். ஒரு பையன் அநாதைச் சிறுவன் ஆலிவரைக் கூட்டிவந்து அறிமுகம் செய்கிறான். வளைந்த பெரிய மூக்கு, சடைத்த தாடி, கூன், நெருப்பு, கையில் கரண்டி. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக மேடையிலும் படங்களிலும் சாத்தானை இப்படித்தான் காட்டினார்கள், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸையும் சிவப்பு முடியோடு காட்டினார்கள். டிக்கன்ஸ் சிவப்பு முடி என்று எழுதினார். குரூக்‌ஷாங்க் அந்தப் பழைய அச்சை எடுத்து அப்படியே தகட்டில் பதித்தார். ஃபேகின் யூதன். கதை நெடுக அவன் பெயருக்குப் பதிலாக 'அந்த யூதன்', 'அந்த யூதன்' என்றே வருகிறது. 24 படங்களில் இரண்டின் தலைப்பில்கூட அப்படித்தான் இருக்கிறது. சைக்ஸ் கிறிஸ்தவனா என்று எவரும் எங்கும் கேட்கவில்லை.

1863-இல் எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி டிக்கன்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஃபேகின் மூலமாக எங்கள் சமூகம் முழுவதற்கும் நீங்கள் அநீதி செய்துவிட்டீர்கள் என்பது அதன் சாரம். டிக்கன்ஸ் முதலில் தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். ஆனால் அந்தக் கடிதம் அவர் மனத்தில் தங்கிவிட்டது. அடுத்து எழுதிய நாவலில் ரையா என்ற நல்ல யூதக் கிழவரைக் கொண்டுவந்தார். 1867-இல் 'ஆலிவர் ட்விஸ்ட்' மறுபதிப்பு வந்தபோது 'அந்த யூதன்' என்று இருந்த பல இடங்களை வெட்டினார் அல்லது 'ஃபேகின்' என்று மாற்றினார். பெரிய எழுத்தாளர் ஒருவர் ஒரு வாசகி சொன்னதைக் கேட்டுத் தன் எழுத்தைத் திருத்தியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் மூக்கு அப்படியே இருந்தது. படத்தை யாரும் திரும்பக் கீறவில்லை. 1948-இல் டேவிட் லீன் இந்தக் கதையைத் திரைப்படமாக எடுத்தபோது, ஃபேகினாக நடித்த அலெக் கின்னஸுக்குப் போட்ட ஒப்பனை குரூக்‌ஷாங்கின் படத்தைப் பார்த்துச் செய்தது. நூற்றுப்பத்து வருடத்துக்கு முந்தைய மூக்கு அது. யூத இனப்படுகொலை நடந்து முடிந்து மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன. 1949-இல் பெர்லினில் அந்தப் படத்துக்கு எதிராகப் போராட்டம் நடந்தது. அமெரிக்காவில் சில காட்சிகளை வெட்டிய பிறகு 1951-இல்தான் அது வெளியானது. எழுதியவர் மனம் மாறிவிட்டார், வரைந்தது மாறவில்லை. படம் போடுகிறவர்கள் இதை ஒரு முறையாவது தனியாக உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு மத்தியான வேளையில் டி.டி.பி. தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க தாத்தா ராத்திரிச் சீட்டு வாங்கினவருக்கா" என்றார்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்தது. பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்தார்கள். எங்கள் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்று சொல்வார்கள், பெருங்காமநல்லூரில் 1920-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது இந்தச் சட்டத்தை எதிர்த்தபோதுதான். இன்ன சமூகத்தில் பிறந்தவன் என்றாலே கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சட்டம் வந்து ஐந்து வருடம் கழித்து, 1876-இல், இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற மருத்துவர், குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி, தாடையையும் காதையும் நெற்றியையும் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று புத்தகம் போட்டார். அந்தக் காலத்தில் பலர் அதை அறிவியல் என்றே ஏற்றுக்கொண்டார்கள்.

தம்பி தன் தாத்தாவைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லவில்லை. "அவர் எருமை மேய்ச்சவரு. மீசை பெருசா இருக்கும். அவ்வளவுதான்" என்றார். புரூஃபின் ஓரத்தில் இருந்த 'மீசை' என்ற சிவப்புச் சொல்லை நாங்கள் இருவருமே பார்த்தோம்.

அன்று சாயங்காலம் குரூக்‌ஷாங்கின் படங்களை மறுபடி எடுத்தேன். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது, ஆனால் அது ஃபேகினின் மூக்கில் இல்லை.

தன்னோடு வாழ்ந்த நான்சியை சைக்ஸ் அடித்துக் கொல்வதுதான் கதையிலேயே மிகக் கொடூரமான இடம். குரூக்‌ஷாங்க் அதை வரையவில்லை. 24 படங்களில் அந்தக் கொலை இல்லை. கொலைக்குப் பிறகு வருவது சைக்ஸ் தன் நாயைக் கொல்லப் பார்க்கும் படம். நாயை வைத்துத் தன்னை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று பயந்து, அதைத் தண்ணீரில் அமுக்கிவிட நினைக்கிறான். ஊருக்கு வெளியே வெட்டவெளி, தூரத்தில் லண்டன். சைக்ஸ் நாயைக் கூப்பிடுகிறான். எப்போதும் காலடியிலேயே கிடக்கும் நாய் வர மறுத்து விலகுகிறது. கொலையைப் பார்த்த ஒரே சாட்சி அந்த நாய். அதன் உடம்பு பின்வாங்குவதில் அந்தக் கொலை இருக்கிறது.

அடுத்தது கூரை மேல் சைக்ஸ். 1838 அக்டோபரில் டிக்கன்ஸ் குரூக்‌ஷாங்குக்கு எழுதிய கடிதத்தில், சைக்ஸ் தப்பிக்கும் காட்சி படத்துக்குச் சரிப்படாது, அத்தனை ஜனம், அத்தனை அமளி, போதாததற்குத் தீவட்டி வெளிச்சம், சின்னத் தகட்டில் அடங்காது என்று சொல்லியிருக்கிறார். குரூக்‌ஷாங்க் அதற்குக் கண்டுபிடித்த வழியைப் பார்த்தபோது கைதட்டத் தோன்றியது. கூரையையும் புகைக்கூண்டையும் கயிற்றையும் ஒற்றை ஆளையும் அவன் நாயையும் பெரிதாக வைத்துவிட்டு, ஜனத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். வில்லன் அங்கே மாட்டிக்கொண்ட ஒரு மனிதன், அவ்வளவுதான்.

கடைசியில் தூக்குக்குக் காத்திருக்கும் ஃபேகின். கல் பெஞ்சு, மேலே கம்பி போட்ட ஜன்னல், குறுகி உட்கார்ந்து விரல்களை வாயில் வைத்திருக்கும் கிழவன், பிதுங்கிய கண்கள். குரூக்‌ஷாங்க் கண்ணாடி முன்னால் தன் விரல்களையே வாயில் வைத்துப் பார்த்துத்தான் அந்த நிலையைப் பிடித்தார் என்று ஒரு செய்தி உண்டு. எனக்கு அதை நம்பப் பிடிக்கிறது. முதல் படத்தில் ஊரார் கொடுத்த முகமூடியை ஃபேகினுக்கு மாட்டியவர், கடைசிப் படத்தில் தன் உடம்பையே கடன் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு படத்தில் மட்டும் மூக்கு என் கண்ணில் படுவதில்லை, பயம்தான் படுகிறது.

என் பன்னிரண்டில் மூன்று படங்களைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஃபேகினுக்காக குரூக்‌ஷாங்க் தொடாத ஒரு காட்சியை எடுத்துக்கொண்டேன். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஃபேகின் பொடி டப்பாவையும் கடிகாரத்தையும் கைக்குட்டையையும் தன் பைகளில் செருகிக்கொண்டு, வீதியில் நடக்கும் கனவான் போல அறைக்குள் நடந்து காட்டுவான். பையன்கள் பின்னாலேயே வந்து அவனுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஆலிவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பான். அது என்ன விளையாட்டு என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. வாழ்நாளில் எந்தப் பெரியவரும் அவனோடு இப்படி விளையாடியதில்லை. குழந்தையைச் சிரிக்க வைத்தே வலையில் போடும் அந்தக் கிழவனுக்கு நான் சாதாரணமான ஒரு தாத்தா முகத்தைக் கொடுத்தேன். கண்ணை மட்டும் பையன்களின் விரல்கள் மேல் வைத்தேன். அந்தக் கண்ணை மூன்று நாள் திரும்பத் திரும்பப் போட்டேன்.

சைக்ஸை முதுகு காட்டி நிறுத்தினேன். வெல்வெட்டீன் கோட்டுக்கு 'ஹேச்சிங்' கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டதில் அது கறுப்பாக வந்தது, கையும் கழுத்தும் காகித நிறம். வலது கையில் தடி. நம்மைப் பார்த்திருப்பது நாய் மட்டும். அதன் முன்கால்கள் தரையை ஊன்றியிருக்கும், காது பின்னால் மடங்கியிருக்கும், மூக்கின் மேல் கீறல்கள்.

ஆசிரியர் குழுவில் நீண்ட பேச்சு நடந்தது. ரவுடியின் முகம் தெரியாவிட்டால் குழந்தைக்கு எப்படிப் புரியும் என்று கேட்டார்கள். சைக்ஸின் முதுகையும் நாயையும் காட்டியிருந்த பென்சில் பிரதியை, அங்கே வேலை செய்யும் ஒருவரின் எட்டு வயது மகள் வந்திருந்தபோது கொடுத்துப் பார்த்தோம். அவள் விரலை நாயின் மேல் வைத்து, "இதை அடிச்சிருக்காங்க" என்றாள். ஃபேகின் படத்துக்கு ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள், கைக்குட்டைகள் இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று. நியாயமான திருத்தம், செய்து கொடுத்தேன்.

பக்கங்கள் லே-அவுட்டுக்குப் போன அன்று தம்பி ஸ்கேன் செய்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே குறிப்பு அடிக்க வேண்டும்.

"நாய்க்குப் பேர் உண்டாக்கா?"

"உண்டு. புல்ஸ்-ஐ."

'சைக்ஸ்' என்று அடித்திருந்ததன் முன்னால் கர்சரை வைத்து, 'புல்ஸ்-ஐயும்' என்று சேர்த்தார்.