சுகோனின் பெயரை மேடைக்குக் கொண்டுவந்த கதை

ஸ்லோவாக் இசையமைப்பாளர் யூகன் சுகோனின் இசையையும் சேர்த்து நான் ஏற்பாடு செய்த கச்சேரி போன சனிக்கிழமை நடந்து முடிந்தது. ஐந்து மாத அலைச்சல். நடந்துவிட்டதே என்று நிம்மதி இருந்தாலும், சில விஷயங்களில் மனசு இன்னும் ஆறவில்லை. சின்ன ரசிகர் சங்கங்களில் கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில். செக், ஸ்லோவாக் செவ்வியல் இசைக்கான ஒரு ரசிகர் சங்கத்தில் சில வருடங்களாக உறுப்பினர். பெயரில் இரண்டு நாடுகள் இருந்தாலும் மேடையில் பெரும்பாலும் செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்தான். அவர் 1884இல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் தன் ‘ஸ்டாபாட் மாட்டர்’ என்ற கிறிஸ்தவச் சேர்ந்திசைப் படைப்பை நடத்தியதிலிருந்தே இந்த நாட்டுக்குச் செல்லப்பிள்ளை. ஏழாவது சிம்பொனியை எழுதச் சொல்லிக் கேட்டதே லண்டன் பில்ஹார்மோனிக் சொசைட்டிதான். ஸ்லோவாக் இசைக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. அதனால் இந்த முறை ட்வோர்ஷாக்குக்கும் இன்னொரு செக் இசையமைப்பாளரான யானாச்செக்கின் வயலின் சொனாட்டாவுக்கும் நடுவில் யூகன் சுகோன் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய சொனாட்டினாவை (குட்டி சொனாட்டா) வைத்தே தீருவது என்று பிடிவாதமாக நின்றேன். 1949இல் பிராத்திஸ்லாவாவில் மேடையேறிய ‘க்ரூத்னியாவா’ ஆப்பராவை எழுதியவர். ஸ்லோவாக்கியாவில் அவரைத் தெரியாத இசை ரசிகர் இல்லை.

கலைஞர்கள், தேதி, தேவாலய அரங்கின் வாடகை எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. அப்புறம்தான் ஆரம்பித்தது.

நொட்டேஷன் புத்தகத்தை ஸ்லோவாக்கியாவிலிருந்து வரவழைத்தேன். மூன்று வாரம் கழித்து வந்த பார்சலில் பியானோ பிரதி மட்டும் இருந்தது. வயலினுக்கான தனித்தாள் இல்லை. ஆர்டர் செய்யும்போதே ‘வயலின் பகுதி சேர்த்துத்தானே?’ என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது பார்சலை கூரியர் நிறுவனம் பிடித்து வைத்துக்கொண்டு வரியும், அதற்கு மேல் கையாளும் கட்டணமும் கேட்டது. பிரிட்டனில் அச்சிட்ட இசைக்குப் புத்தகத்தைப் போலவே மதிப்புக்கூட்டு வரி பூஜ்ஜியம். இதை மூன்று முறை போனில் சொன்னேன். “முதலில் கட்டுங்கள், பிறகு திரும்பக் கேளுங்கள்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒத்திகைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, கட்டிவிட்டேன். அனுப்புகிறவரிடம் சுங்கச் சீட்டில் ‘அச்சிட்ட இசை’ என்றும் 4904 என்ற சரக்குக் குறியீட்டையும் எழுதச் சொல்லுங்கள். என் பார்சலில் வெறுமனே ‘காகிதப் பொருட்கள்’ என்று இருந்தது.

அடுத்தது, காப்புரிமை உள்ள இசையை மேடையில் வாசிப்பதற்கான உரிமம். அரங்க அலுவலகத்தில் இருந்தவர், “எல்லாரும் எப்போதோ செத்துப்போனவர்கள்தானே, உரிமைத்தொகை எதற்கு?” என்றார். ட்வோர்ஷாக் 1904இல் போனார், யானாச்செக் 1928இல். அவர்கள் சரி. சுகோன் இறந்தது 1993இல். இறந்து எழுபது வருடம் வரை காப்புரிமை உண்டு. அதாவது 2063 முடியும் வரை. அரங்கத்தின் உரிமம் கச்சேரிகளுக்குச் செல்லுமா, வாசித்தவற்றின் பட்டியலை யார் அனுப்புவது என்று கேட்டு இரண்டு முறை நேரில் போனேன். முதல் முறை, பதில் தெரிந்தவர் விடுமுறையில் இருந்தார். ஒருவழியாக எழுத்தில் வாங்கினேன். வாய்ப் பேச்சை நம்பாதீர்கள்.

எனக்கு உண்மையாகவே வலித்தது சுவரொட்டிதான். அரங்கத்தார் அடித்ததில் ‘ட்வோர்ஷாக் மாலை’ என்று மட்டும் இருந்தது. சுகோன் பெயரையே காணோம். ட்வோர்ஷாக் பெயரைச் செக்கில் எழுதும்போது r எழுத்தின் தலையில் ஒரு குட்டிக் கொக்கி வரும், அந்த இடத்தில் கேள்விக்குறி. அந்த ஒலி செக் மொழிக்கே உரியது, வெளியாட்கள் நாக்கில் எளிதில் வராது. நம் ழகரத்தைக் கடித்துத் துப்புவதைக் கேட்டே வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அறுபது சுவரொட்டிகளையும் திருப்பிக் கொடுத்து, புதிதாக அடிக்க வைத்தேன். எழுத்துருவையும் நானே அனுப்பினேன். மூன்று பெயர்களும் ஒரே அளவில் வந்தன.

அந்த வாரம் இசை பற்றி எழுதிய ஆங்கிலேயப் பெண்மணி ரோசா நியூமார்ச்சை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1926இல் யானாச்செக்கை லண்டனுக்கு வரவழைக்க அந்த அம்மா பாடுபட்டார். கச்சேரி நேரத்தில் நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம். ரயில் இல்லை, செய்தித்தாள் இல்லை. அப்படியும் விக்மோர் ஹாலில் கச்சேரி நடந்தது. அதற்கு முன் என் கூரியர் சண்டை எந்த மூலைக்கு!

எழுபது பேர் வந்தார்கள். சொனாட்டினா முடிந்ததும் ஒரு நொடி அமைதி, அப்புறம் அன்று மாலையின் மிக நீண்ட கைதட்டல். இடைவேளையில் நான்கு பேர் சுகோன் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

கட்டிய வரி இன்னும் திரும்பி வரவில்லை. நொட்டேஷன் புத்தகமும் என்னிடம் இல்லை. இலையுதிர் காலத்தில் வேறோர் ஊரில் இதையே வாசிக்கப்போவதாகச் சொல்லி வயலின் கலைஞர் எடுத்துப் போயிருக்கிறார்.