வடக்குப் பால்கனியில் பெரணி

டெல்லியில் நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே சாய்வதில்லை. ஜூன் 21 அன்றுகூட உச்சிக்குச் சற்றுத் தெற்கேதான் நிற்கும். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது புது வானம். எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை மத்தியான வெயில் வடக்கிலிருந்து விழும், மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. பகலும் வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம்தான். இங்கே ஜூனில் 14 மணி நேரம், டிசம்பரில் 10 மணி 20 நிமிடம். கல்யாணம் முடித்து டெல்லி மயூர் விஹாருக்கு வந்தபோது சாப்பாடு, ஹிந்தி, குளிர் என்று ஆளாளுக்கு எச்சரித்தார்கள். வெயில் விழும் கணக்கே வேறு என்பது பெரணி (ஃபெர்ன்) வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஊரில் பெரணியை யாரும் தொட்டியில் வைத்துக் கொஞ்சுவதில்லை. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஆளை மிஞ்சிய மரப்பெரணிகள் நின்றன. பாதைக்காக வெட்டிய மண்மேட்டில் இன்னொரு வகை முழு வெயிலில் பின்னிக் கிடந்தது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கல தாவரவியல் பூங்கா இருக்கிறது, குவினைன் மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்க்க 1861இல் தொடங்கியது. அங்கே பெரணிகளுக்கென்றே மரநிழலில் தனி இடம் உண்டு. இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால், நர்சரிக்காரர் 'இதுக்கு தூப் (வெயில்) கூடாது, சாயாவில் (நிழலில்) வையுங்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்தபோது எனக்குப் போதவில்லை. எந்தச் சாயா, எந்த மாதத்துச் சாயா என்று கேட்கத் தோன்றியது. பனியும் ஈரமும் உள்ள மலைக்காற்றில் பெரணி தாங்குகிற வெயிலை, மே மாதம் 'லூ' என்ற வறண்ட அனல்காற்று வீசும் நேரத்தில் தாங்காது.

எங்கள் வீடு நாலாவது மாடி. பால்கனி வடக்கே பார்த்தது. வடக்குப் பக்கம் என்றால் நிழல், பெரணிக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆண்டில் பாதி நாளுக்கு அது சரி. ஆனால் கோடையில் சூரியன் வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் இறங்குகிறது. ஜூனில் காலை பத்து மணி வரை அது வடக்குப் பக்கத்தில்தான் இருக்கும், மூன்று மணிக்குப் பிறகு மறுபடியும் அங்கே வந்துவிடும். காலை வெயில் சாய்வாக, மெதுவாக விழுவதால் கெடுதல் இல்லை. மாலை வெயில்தான் மோசம். காற்று 42 டிகிரியில் கொதிக்கும்போது வரும் அந்த வெயிலில் இலை முதலில் வெளிறும், பிறகு நுனி கருகும். அதனால் மேற்கு ஓரத்தை மட்டும் மறைத்தால் போதும். இங்கே சாலையோரத்தில் அளவு சொன்னால் மூங்கில் சிக் (சுருட்டும் தட்டித் திரை) கட்டித் தருகிறார்கள். பின்னால் துணி தைத்ததை வாங்காதீர்கள், அது வெளிச்சத்தையே அடைத்துவிடும். வெறும் மூங்கில் சிக்கில் கீற்றுக் கீற்றாக ஒளி வரும், செடிக்கு அதுதான் வேண்டும். பச்சை நிழல்வலை என்றால் கோடைக்கு 75 சதவீத வெயிலை மறைப்பது வேண்டும். ஜூன் கடைசியில் மழை வந்ததும் சுருட்டி வைத்துவிடலாம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பெரணிக்கு டெல்லியில் கிடைக்கும் நல்ல காலம் இதுதான், சுருண்ட கொழுந்துகள் வரிசையாகத் தலைதூக்கும். அப்புறம் ஒன்று, ஏசியின் வெளிப்பெட்டி பால்கனியில் இருந்தால் அதன் சூடான காற்று படும் இடத்தில் எந்தச் செடியையும் வைக்க வேண்டாம்.

வீட்டுக்குள் கதை தலைகீழ். தெற்கு ஜன்னல் கோடையில் வெயிலே காணாது, மேலே நீட்டிய சிலாபே மறைத்துவிடும். டிசம்பரில் நண்பகல் சூரியன் 38 பாகை உயரத்தில்தான் நிற்கிறது, அதனால் வெயில் அறைக்குள் எட்டடி வரை நீளும். குளிரில் பால்கனியிலிருந்து உள்ளே எடுத்த தொட்டிகளை அங்கேதான் வைக்கிறேன், நடுவில் ஒரு பழைய, மெல்லிய வாயில் துணிச் சேலையைத் திரையாகக் கட்டி. அறையின் நடுவில் வைப்பதில் பயனில்லை. நம் கண் பழகிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத் தெரிகிறது. உண்மையில் வெளியே நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், அறைக்குள் சில நூறுதான். அங்கே வைத்த பெரணி உடனே சாகாது. இலைகள் மெலிந்து நீளும், கொழுந்து நின்றுவிடும். மத்தியானம் செடிக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் கலங்கலாக இருந்தால் சரியான இடம். கத்திரித்த மாதிரி தெளிவாக விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழாவிட்டால் இருட்டு. ஜனவரியில் மூடுபனி பிடித்து நாள்கணக்கில் சூரியன் தெரியாதபோது, செடிக்கு ஒரு அடி மேலே எல்இடி குழல்விளக்கைத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுகிறேன். தண்ணீரையும் குறைத்துவிடுவேன்.

கீழ்வீட்டு மாமி தஞ்சாவூர்க்காரர், கரோல் பாகில் வெகுகாலம் இருந்து இங்கே வந்தவர். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து தொட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இலைக்கு அடியில பூச்சி முட்டை போட்டிருக்கே, மருந்து அடிக்கலையா?"

"முட்டை இல்ல மாமி. இதுதான் பெரணிக்கு விதை மாதிரி. கைய வச்சுப் பாருங்க."

இலையைத் திருப்பிக் காட்டினேன். நடு நரம்புக்கு இருபுறமும் பழுப்புப் புள்ளிகள், ஓரத்தை ஒட்டி ஒரே வரிசையில். பூச்சி இவ்வளவு ஒழுங்காக உட்காராது. விரலால் தடவியதும் மாமியின் விரல்நுனியில் காப்பித்தூள் நிறத்தில் பொடி ஒட்டியது. இந்தப் புள்ளிகளுக்குப் பயந்து நல்ல இலைகளை வெட்டிப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது.

மழைக்காலத்தில் தொட்டியிலிருந்து ஓடிய இரண்டு கொடிக்கன்றுகளைப் பிரித்து மாமிக்குக் கொடுத்தேன். அவர் வாசலில் ஒரு மல்பெரி மரம் இருக்கிறது. அது குளிரில் இலையை உதிர்த்து வெயிலை விடும், வெக்கை வருவதற்குள் தழைத்துவிடும். டெல்லிப் பெரணிக்கு அதைவிட நல்ல இடம் என் பால்கனியிலும் கிடையாது. மாமி ஒரு கன்றை அதன் கீழே வைத்துவிட்டு, இன்னொன்றைப் பக்கத்து வேப்பமரத்தடியில் வைத்திருக்கிறார். வேம்பு மார்ச்சில்தான் உதிர்க்கும், வெயில் ஏறத் தொடங்குகிற நேரம். அந்தத் தொட்டியை பிப்ரவரி முடிவதற்குள் மல்பெரிப் பக்கம் நகர்த்திவிடச் சொல்லியிருக்கிறேன்.